நீ எழுதி அனுப்பச் சொன்ன பொட்டுக் கதை

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வந்து இன்றோடு நாலு நாளாகிறது. விழுப்புரம் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை நிரந்தரமாகிவிட்டது, ஓட்டல் சாப்பாடு வயிற்றுக்குப் பழகிவிட்டது என்று எழுதியிருந்தாய், மனது நிறைந்தது. இங்கே திண்டிவனத்தில் நாங்கள் மூன்று பேரும் இருக்கிறபடி இருக்கிறோம். என் உடம்பில் கண்ணைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது, இன்னும் முற்றவில்லை, முற்றிய பிறகு வா என்று டாக்டர் சொல்லிவிட்டார், மாங்காய்க்குச் சொல்வது மாதிரி. உன் கடிதங்களை அஞ்சலைதான் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள், பதிலையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள் என்பது உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை மட்டும் நானே எழுதுகிறேன். வரி மேலேயும் கீழேயும் போகும், ஒரு எழுத்தின் மேல் இன்னொன்று ஏறி உட்காரும். பொறுமையாகப் படி. உன் அக்காவை ஏன் எழுதச் சொல்லவில்லை என்பது படிக்கும்போதே உனக்கு விளங்கிவிடும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விழுப்புரத்தில் உனக்கு முதல் பெரிய மேடை என்று எழுதியிருந்தாய். உங்கள் வேட்பாளர் சினிமாக்காரர் மாதிரி செக்கச்செவேல் என்று இருக்கிறார், எதிர்த்து நிற்பவரோ அட்டைக்கறுப்பு, அதனால் கூட்டத்தைச் சிரிக்க வைக்க நிறைய இடம் இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். பிறகு அந்த வரி. "அப்பா, நகராட்சித் தேர்தல்ல நீங்க சொன்ன பொட்டுக் கதையை இங்க இன்னும் பேசிக்கினு இருக்காங்க. எனக்கு முழுசா ஞாபகம் இல்ல. ஒரு வார்த்தை விடாம எழுதி அனுப்புங்க. அப்பன் பேரைக் காப்பாத்திட்டான்னு ஊரே சொல்லும் பாருங்க." அஞ்சலை இதைத் தடுமாறாமல் வாசித்தாள். அடுத்த வரியையும் அதே குரலில் வாசித்தாள். அம்மாவுக்கு நீ எடுத்து வைத்திருக்கும் புடவையைப் பற்றிய வரி அது. கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

என் குரலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மல்லாட்டை மண்டியில் இருபது வருஷம் ஏலம் கூவியவன் நான். மூட்டைகள் வரிசையாக நிற்கும், வியாபாரிகள் அரைத் தூக்கத்தில் நிற்பார்கள், ஒரு பிடி கடலையை அள்ளிக் கையில் குலுக்கிக்கொண்டே நான் ஏதாவது வேடிக்கை சொன்னால்தான் முகங்கள் நிமிரும். சிரித்தவன் கொஞ்சம் ஏற்றிக் கேட்பான். சிரிக்க வைத்தால் விலை ஏறும் என்பது மண்டியில் நான் படித்த பாடம். அதே பாடத்தைத்தான் மேடைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே எதை விற்கிறேன் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

மாணிக்கம் மாமாவை உனக்கு நினைவிருக்கும். நம் தெருவின் கடைசி வீடு. சொந்தக்காரர் இல்லை, ஆனாலும் உங்கள் இருவருக்கும் அவர் மாமாதான். விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாக இருந்து, இஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டே பாதி ஆயுசைக் கழித்தவர். பிறவியிலேயே நல்ல கறுப்பு. ரிட்டையராகி வந்த பிறகு வாசலில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பார். நம் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வந்தது அவர் எழுதிய ஏழாவது மனுவிலோ எட்டாவது மனுவிலோ. அவர் வேலையில் இருந்த காலத்தில், அஞ்சலைக்கு ஐந்து வயதில் தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு இழுத்தபோது, நான் தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். அவர்தான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். புறப்பட இருந்த பாசஞ்சரைக் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு நிமிஷம் நிறுத்தி வைத்து, எங்களை ஏற்றிக்கொண்டு போய் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூன்று நாள் எங்களோடு அங்கேயே கிடந்தார். "எங்க மாமா எனக்காக ரயிலையே நிறுத்தினாரு" என்று அஞ்சலை ரொம்ப நாள் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மனிதர் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நகராட்சித் தேர்தலில் நம் வார்டுக்கு நின்றார். எதிரே நின்றவர் எங்கள் மண்டி முதலாளியின் மைத்துனர். சின்னவர் என்போம். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர், வாட்டசாட்டமான உடம்பு, வெயிலில் நின்றால் கன்னம் ரோஜா நிறத்துக்கு மாறும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அதுவரை நம் தெருவுக்குள் காலெடுத்து வைத்ததில்லை, அவ்வளவுதான். ஓட்டுக் கேட்க அவர் முதல்முதலாக வந்த அன்று பெண்கள் ஆலத்தித் தட்டோடு ஓடி வந்ததை நீ பார்த்திருக்கிறாய். "இன்னாமா தொரை மாதிரி இருக்காரு! முகத்துலயே பதவி எழுதி இருக்குதுடி" என்று ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் தலையாட்டினார்கள். வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவன் நிறத்துக்கு மட்டும் நாங்கள் இன்னும் எழுந்து நின்றுகொண்டிருந்தோம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நம்ம சின்னவருக்காக நாலு வார்த்தை நல்லதா பேசுடா" என்றார். நல்லதா என்றுதான் சொன்னார். மாணிக்கத்தைத் திட்டு என்று சொல்லவில்லை. அவர் நிறத்தை இழு என்று யாருமே சொல்லவில்லை. பழியை முதலாளி தலையில் போட எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது, போட முடியவில்லை.

முதல் கூட்டம் நம் தெரு முனையில் நடந்தது. பொழுது சாய்ந்த நேரம். சின்னவரின் படிப்பு, குடும்பப் பெருமை, தாராள குணம் என்று கால் மணி நேரம் அளந்தேன். கூட்டம் கொட்டாவி விட்டது. முன்வரிசையில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஏலத்தில் பெரிய வியாபாரி பாதியில் எழுந்தால் எதையாவது சொல்லி உட்கார வைப்பது என் வழக்கம். அப்போதுதான் அது வாயில் வந்தது. சிவந்த பிள்ளைக்குக் கண்பட்டுவிடக் கூடாது என்று கன்னத்தில் மை தொட்டு ஒரு திருஷ்டிப் பொட்டு வைப்போம் அல்லவா, நம் சின்னவரின் அழகுக்குக் கண்பட்டுவிடக் கூடாதென்றுதான் பக்கத்தில் மாணிக்கத்தை நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஆரம்பித்தேன். அதன் எலும்பு இவ்வளவுதான். அதன் மேல் நான் வைத்துக் கட்டிய சதையை இங்கே எழுத மாட்டேன். எழுந்தவர் திரும்பி உட்கார்ந்தார். கூட்டம் சிரித்தது பார், அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. நீ மேடைக்குக் கீழே நின்று குதித்துக் குதித்துக் கைதட்டினாய், உனக்குப் பதினோரு வயது. உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் பக்கத்தில் அஞ்சலை, பதின்மூன்று வயது, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். தூக்கம் வருகிறது போல என்று நினைத்தேன். என்னை உரித்து வைத்த கறுப்பு அவள் என்பது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவே இல்லை. நானும் கறுப்புதானே, நான் சொன்னால் தப்பில்லை என்றுகூட அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கதை என் கையில் இல்லை. தினம் ஒரு கூட்டம், தினம் அதே கதை. நான் வேறு எதையாவது பேச ஆரம்பித்தால் "பொட்டு! பொட்டு!" என்று கீழேயிருந்து கத்துவார்கள். பெருமுக்கல் பக்கத்திலிருந்து மூட்டை கொண்டுவரும் விவசாயிகளுக்கு நம் ஊரில் ஓட்டே கிடையாது, அவர்கள்கூட மண்டியில் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, "அதை ஒருக்கா சொல்லிட்டு அப்புறம் ஏலத்தை வைய்யா" என்பார்கள். மாணிக்கம் தெருவில் இறங்கினால் பிள்ளைகள் கன்னத்தில் விரலை வைத்துக் காட்டின.

மண்டியில் மல்லாட்டை உடைக்கும் கன்னியம்மாளுக்கு வீட்டுமனைப் பட்டா வாங்கிக் கொடுத்தவர் மாணிக்கம். நடையாய் நடந்து வாங்கிக் கொடுத்தார். "உன் ஓட்டு அவருக்குத்தானே?" என்று ஒரு நாள் சும்மா கேட்டு வைத்தேன். முறத்தில் புடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "நல்ல மனுசன், நான் இன்னா இல்லன்னா சொல்றேன்? ஆனா பெரிய ஆபீசருங்க முன்னாடி போயி நிக்கணுமேங்க. செவப்பா ஒரு ஆளு போனா நாற்காலி போடுவான். இவரு போனா வெளியதான நிக்க வெப்பான். நமக்கு இன்னா ஆவும் சொல்லுங்க." அவளைவிடக் கறுப்பான பெண் எங்கள் மண்டியில் இல்லை. அவளைக் குறைசொல்ல எனக்கு என்ன யோக்கியதை? காலம் பூராவும் வாசலில் நிற்க வைக்கப்பட்டவள், உள்ளே போகக்கூடிய முகமாகப் பார்த்துத் தேடினாள். அவள் மனதில் ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்ததைத்தான் நான் மேடையில் ஏறி ஊதிவிட்டேன். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் கறுப்பு, தம்பி. அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிக்கிற நேரத்துக்கு மட்டும் அவரவர் தங்களைச் சிவப்பென்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

ஓட்டுப்போடும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் மாணிக்கத்தின் ஊர்வலம் நம் தெருவுக்கு வந்தது. அவர் முகம் முழுக்கப் பவுடர். கூட இருந்த யாரோ நல்லெண்ணத்தில் பூசிவிட்டிருக்க வேண்டும். உச்சி வெயில். கழுத்துக்கு மேலே வெள்ளை, நெற்றியிலிருந்து வியர்வை வழிந்த தடங்களில் மட்டும் அவர் நிறம். அறுபதை எட்டிய மனிதர், வீடு வீடாகக் கும்பிட்டுக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எனக்கும் ஒரு கும்பிடு போட்டார். நான் சிரித்துவிட்டேன். வெட்கத்தில் வந்த சிரிப்புதான், ஆனால் பார்த்தவருக்கு அது எப்படித் தெரியும்? அன்று சாயங்காலக் கூட்டத்தில் பவுடரையும் கதையில் சேர்த்துக்கொண்டேன். அதுவும் நன்றாக எடுபட்டது.

அவர் தோற்றார். சின்னவருக்கு மாலை போட்டார்கள், எனக்கும் ஒன்று போட்டார்கள். நாலைந்து நாள் கழித்து மாணிக்கம் மண்டிக்கு வந்தார். ஏலம் முடிந்து நான் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். பதறி எழுந்தேன். "உக்காருப்பா" என்று அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். "மேடையில ஏறினா நாலும் வரும்ண்ணே, மனசுல வச்சிக்காதீங்க" என்று வழிசலாக ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உன் பொண்ணு வந்து சொல்லிட்டுப் போச்சு. ஓட்டு எண்ணின மறுநாளு வாசல்ல வந்து நின்னுக்கினு அழுவுது. எங்கப்பா பேசினதுக்கு மன்னிச்சிடுங்க மாமான்னுது. அதை சமாதானம் பண்ணி அனுப்பறதுக்குள்ள எனக்குப் பேஜாரா பூடுச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன். யாரு மூலமாவாவது உன் காதுக்கு வரும். வந்தா, புள்ளைய ஒண்ணும் கேட்டுக்காத. கையை கிய்யை வைக்காத." இவ்வளவுதான் பேசினார். என் பிள்ளையை என்னிடமிருந்து காப்பாற்றுவதற்காக என்னைத் தேடி மண்டிக்கே வந்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. கேட்காமல், சாக்குகளை எண்ணி அடுக்கப் போய்விட்டேன்.

சின்னவர் ஜெயித்த வருஷமே நம் தெருக் குழாய் ரிப்பேரானது. அவரைப் பார்க்கப் போன பெண்களை வாசல் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்தார்கள். கன்னியம்மாளும் அதில் ஒருத்தி. திரும்பி வந்து மாணிக்கத்திடம் மனு எழுதித் தரச் சொன்னார்கள். அவர் ஒன்றும் கேட்காமல் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதிக் கொடுத்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் தவறிப்போனபோது பாடைக்குப் பின்னால் நடந்தேன். அதோடு சரி. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே விட்டுவிட்டேன், இனிமேல் யாரிடம் போய்ச் சொல்வது?

அஞ்சலைக்கு என்ன ஆனது என்று எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின. நீ சிவப்பு, அவள் கறுப்பு, இரண்டு பேரும் சேர்ந்து பள்ளிக்கூடம் போவீர்கள். கதையைக் கேட்ட ஊருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? உன் பக்கத்தில் நடக்கும் அவளைப் பொட்டு என்றார்கள். வகுப்பில் பொட்டு, குழாயடியில் பொட்டு, கடைக்குப் போனால் பொட்டு. அவள் உன்னை விட்டுப் பத்தடி தள்ளி நடக்க ஆரம்பித்தாள். "அக்கா என் கூட வர மாட்டேங்குது" என்று நீ அம்மாவிடம் புகார் சொன்னாய். வயதுக்கு வந்த பெண், கூச்சம் என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டோம். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டாள். வாத்தியார் வீட்டுக்கு வந்து, நன்றாகப் படிக்கிற பெண் என்று சொல்லிப் பார்த்தார். அவள் தலைவலி என்றாள். அடுத்ததை எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமே பொய்யாகிவிடும். ஒரு நாள் தாயக்கட்டம் ஆடும்போது உங்களுக்குள் ஏதோ சண்டை வந்து நீயும் அவளை அப்படிக் கூப்பிட்டாய். "போடி பொட்டு" என்றாய். நான் என் காதால் கேட்டேன். உன்னை அதட்டவில்லை. எப்படி அதட்டுவேன், வார்த்தை என்னுடையது. உனக்கு அது நினைவிருக்காது. இருந்தால் எனக்கு அந்த வரியை எழுதியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

தேர்தல் மட்டும்தான் காரணம் என்றால் நெஞ்சு கொஞ்சம் ஆறும். அவள் பிறந்தபோது துணியை விலக்கிப் பார்த்து, "பொண்ணாவும் பொறந்து கறுப்பாவும் பொறந்துட்டியா" என்றவன் நான். நீ வயிற்றில் இருந்தபோது உன் அம்மாவுக்குப் புதுச்சேரியிலிருந்து குங்குமப்பூ வரவழைத்தேன். நீ சிவப்பாகப் பிறந்ததும் தெரு முழுக்கக் கல்கண்டு கொடுத்தேன். அம்மா உன்னைக் குளிப்பாட்டிக் கன்னத்தில் மை வைக்கும்போது அஞ்சலை பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "எனக்கும்மா" என்று கன்னத்தை நீட்டுவாள். "உனக்கு எதுக்குடி, உன்னை யாரு கண்ணு வெக்கப் போறாங்க" என்று சொல்லி நாங்கள் இருவரும் சிரிப்போம். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள், மூன்று வயது. மேடையில் என் வாயில் வந்த சரக்கு இங்கிருந்து வந்ததுதான். விளையாட்டுக்குத்தானே என்று வீட்டுக்குள் பேசுவதெல்லாம் ஒரு நாள் ஓட்டுப்பெட்டி வரைக்கும் போய்விடுகிறது.

போன வருஷம் விழுப்புரத்திலிருந்து அஞ்சலையைப் பெண் பார்க்க வந்தார்கள், ஒத்துவரவில்லை என்று மட்டும் உனக்கு எழுதினோம். நடந்ததை இப்போது சொல்கிறேன். மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து உட்கார்ந்ததிலிருந்து என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று தொடையில் தட்டி, "மல்லாட்டை மண்டிக்காரரு! அந்தப் பொட்டுக் கதை சொன்னவரு நீங்கதான?" என்றார். "யப்பா, சோக்கா சொல்வீங்களே! உங்க பேச்சைக் கேக்கவே நாங்க ரயிலேறி வந்தோம். ஒருக்கா சொல்லுங்க, இவங்களும் கேக்கட்டும்." நான் தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி எழுந்தேன். மனிதர் விடவில்லை, தானே சொல்ல ஆரம்பித்துவிட்டார். பாதியில் அஞ்சலை காப்பித் தட்டோடு வந்து நின்றாள். அவர் டக்கென்று வாயை மூடினார். நல்ல மனிதர்தான், அவருக்கே சங்கடமாகிவிட்டது. ஆனால் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் முதலில் அவளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். கூட வந்த பெண்ணொருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அஞ்சலை எல்லோருக்கும் வரிசையாகக் காப்பி கொடுத்தாள். போய் லெட்டர் போடுகிறோம் என்று போனார்கள். லெட்டர் வரவில்லை. அவள் உள்ளே போய்ப் பட்டுப்புடவையை அவிழ்த்து வைத்துவிட்டு வந்து டம்ளர்களைக் கழுவினாள். "சாப்பிட வாங்கப்பா" என்று வழக்கம்போலக் கூப்பிட்டாள். ஒத்துவரவில்லை என்று உனக்கு எழுதியதும் அவள் கைதான்.

உன் கட்சி சரியான கட்சியாகவே இருக்கலாம். ஜனங்கள் அரிசிக்கு வரிசையில் நிற்கிறார்கள், கிணறு வற்றிக் கிடக்கிறது, படித்த பிள்ளைகள் வேலை இல்லாமல் ரயிலடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேசுவதற்கு உனக்கு விஷயமா இல்லை? எதிராளி செய்ததைக் கேள், செய்யாததைக் கேள், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேள், நான் தடுக்க மாட்டேன். மனிதர்கள் எல்லோரும் சமம் என்று ஒரு மூச்சில் பேசிவிட்டு அடுத்த மூச்சில் ஒருவருடைய தோலைக் காட்டி ஓட்டுக் கேட்காதே. உங்கள் சுவரொட்டியில் வேட்பாளர் முகத்துக்கு இருக்கிற சிவப்பு போதாமல் இன்னும் ரோஸ் ஏற்றி அச்சடித்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கிறது என்கிறாய். பிடிக்கத்தான் செய்யும். எனக்கும் பிடித்திருந்தது. கூட்டத்தின் சிரிப்பு காதில் விழுந்துவிட்டால் அப்புறம் நீ உன் வசத்தில் இருக்க மாட்டாய். இதை அனுபவித்தவன் சொல்கிறேன். அவர்கள் சிரித்து முடித்து வீட்டுக்குப் போவார்கள். வீட்டில் அவர்களுக்கும் ஒரு பெண் இருக்கும். அவளை அன்றைக்கு எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்று மேடையிலிருந்து உனக்குத் தெரியாது.

இன்று காலை இதை எழுதலாம் என்று உட்கார்ந்து பேனாவைத் தடவிக்கொண்டிருந்தேன். அஞ்சலை பார்த்துவிட்டு வந்தாள். "தம்பிக்கா? குடுங்கப்பா, நான் எழுதறேன்" என்றாள். வேண்டாம்மா என்றேன். "அந்தக் கதையா?" என்றாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. எல்லாம் மறந்துபோச்சு, மறந்துபோச்சுன்னுதான் எழுதப் போறேன் என்று பொய் சொன்னேன். அவள் சொன்னாள்: "எனக்கு ஞாபகம் இருக்குப்பா. ஒரு வார்த்தை விடல. நீங்க எங்க நிறுத்தினீங்க, எங்க இருமினீங்க, ஜனங்க எங்க எங்க சிரிச்சாங்க, எல்லாம் ஞாபகம் இருக்கு. நான் சொல்லிக்கினு வர்றேன், நீங்க எழுதிக்கிறீங்களா?"

கோபத்தில் சொல்லவில்லை, தம்பி. குத்திக்காட்டவும் சொல்லவில்லை. நீ முதல் மேடை ஏறுகிறாய், உனக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள்.

நான் அதை எழுதி அனுப்பப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் கதை உனக்கு வேண்டியே தீரும் என்றால், உன் அக்கா பேருக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டு, அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்.

உன் அப்பா